கோலாலம்பூரில் டொமாட்டிலோ: வாங்குவதும் சமைப்பதும்

கோலாலம்பூருக்குக் குடிவந்த புதிதில் சாவ் கிட், பூடு சந்தைகளைச் சுற்றி வந்தால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சிரமமின்றிக் கிடைத்துவிடும். காகிதம் போன்ற மெல்லிய உறைக்குள் பச்சைத் தக்காளியைப் போலிருக்கும் புளிப்புக் காயான டொமாட்டிலோவை மட்டும் அங்கே தேடி அலைய வேண்டாம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இக்காயை, பங்சார், மொண்ட் கியாரா போன்ற பகுதிகளில் இறக்குமதிப் பொருள்கள் விற்கும் பேரங்காடிகளில் விசாரிப்பதே மேல். புதிய காய் இல்லையென்றால் டின்னில் அடைத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். பழப் பகுதியில் இதே போன்ற காகித உறைக்குள் மஞ்சளாக இருக்கும் சிறு பழம் இதன் உறவுதான் என்றாலும், அது இனிப்பானது, சட்னிக்கு உதவாது.

வாங்கும்போது உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். காய் உறையை நிறைத்தபடி, கெட்டியாகவும் பளிச்சென்ற பச்சையாகவும் இருக்க வேண்டும். மஞ்சளித்தது கெட்டதல்ல, ஆனால் புளிப்பு குறைந்திருக்கும். சமையலில் நமக்கு வேண்டியது அந்தப் புளிப்புதானே. உறையை உரித்ததும் கையில் ஒட்டும் பிசுபிசுப்பு இயல்பானது, வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். உறையும் காம்பும் உண்ணத் தக்கவை அல்ல. இவ்வூர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் விரைவில் பூசணம் பிடிக்குமாதலால், உறையோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். 2 வாரம் வரை தாங்கும்.

முதன்முதலில் சமைப்பவர்கள் சட்னியில் தொடங்குவது நல்லது. கால் கிலோ காயை முழுதாகவே இரும்புத் தோசைக்கல்லில் போட்டு, ஆங்காங்கே கருகி, பச்சை நிறம் மங்கிக் குழையத் தொடங்கும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பூண்டு, சின்ன வெங்காயம், நான்கைந்து பச்சை மிளகாய் ஆகியவற்றையும் அதே கல்லில் வாட்டி, கொத்தமல்லித் தழையும் உப்பும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால், புளி சேர்க்காமலேயே தோசைக்கு ஏற்ற சட்னி தயாராகிவிடும். காயில் பெக்டின் என்னும், கூழை இறுகச் செய்யும் இயற்கைப் பொருள் மிகுதியாதலால் சட்னி ஆறியதும் இறுகும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். டின் காய் ஏற்கெனவே வெந்தது என்பதால், அதன் நீரை வடித்து லேசாக வதக்கினால் போதும், உப்பையும் ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

பருப்புக் குழம்பில் போடுவதானால் பருப்பு நன்றாக மசிந்த பின்னரே சேர்க்க வேண்டும், ஏனெனில் புளிப்பு முன்னதாகக் கலந்தால் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். இறால், மீன் தொக்குகளுக்கும் இது மிகப் பொருத்தம். என் நோக்கில் சட்னியைவிடவும் இறாலோடுதான் இதன் சுவை எடுபடுகிறது.

காய் கிடைக்காத வாரங்களில் நல்ல பச்சைத் தக்காளியின் விதைப்பகுதியை நீக்கி, நீர் வற்ற வதக்கி, இறக்கிய பிறகு இங்கே எந்தச் சந்தையிலும் கிடைக்கும் சிறு எலுமிச்சை வகையான கஸ்தூரி எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்துகொள்ளலாம். எலுமிச்சை விதைகள் விழாதபடி வடிகட்டியில் பிழியுங்கள், இல்லையென்றால் அரைக்கும்போது கசப்பேறும்.