பனி கொட்டாத மாய உலகம்: இளையோர் ஃபேன்டஸி எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழக-கேரள எல்லையில் கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் கதை எழுதிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள் இப்போது நிறைய. டிராகன், மந்திர வாள், சபிக்கப்பட்ட அரியணை என்று தலைப்பே சொல்லிவிடும். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிரித்தால் முதல் பக்கத்திலேயே பனி கொட்டும். பைன் மரம், கல் கோட்டை, கம்பளி அங்கி எல்லாம் வரிசையாக வரும். எழுதிய பிள்ளை பனி விழுந்து பார்த்ததில்லை. ஜனவரிக் காலையில் மூணாறு புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதை வேண்டுமானால் பார்த்திருக்கும்.

பெரிய தவறு இதுதான், மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளம்புகின்றன. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், ஹாபிட்டுகள் என்ற தன் குள்ள மனிதர்களைக் குடிவைத்த ஊர் எங்கோ வானத்திலிருந்து இறங்கியதல்ல. அவர் சின்ன வயதில் பார்த்த இங்கிலாந்துக் கிராமப்புறம்தான் அது. நமக்கு அது மாயமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் தூரம். அவர் தன் ஊரை எழுதினார், நாம் அவருடைய ஊரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக டிராகன் நின்ற இடத்தில் யாளியையும், சூனியக்காரி இருந்த இடத்தில் காட்டேரியையும் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது, கடை அதே கடை.

அப்புறம், "என் உலகத்துல எது வேணும்னாலும் நடக்கும்ணே" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். எது வேண்டுமானாலும் நடக்கும் என்றால் கதாநாயகன் எதற்குப் பயப்பட வேண்டும்? டோல்கீன் 1939-ல் ஆற்றிய உரை ஒன்றை விரித்து எழுதிய கட்டுரையில் பச்சைச் சூரியனை உதாரணம் காட்டினார். 'பச்சைச் சூரியன்' என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படியாக இருக்கும் உலகத்தைக் கட்டுவதில்தான் உழைப்பு இருக்கிறது என்பது அவர் வாதம். அந்த உழைப்பில் முக்கால்வாசி, எது நடக்காது என்று முடிவு செய்வதுதான். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்துக்கு ஒரே ஒரு விதி: அவன் வாய் திறந்தால் அது மரத்துக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எத்தனை கதை ஓடுகிறது!

இந்த விஷயத்தில் நமக்குப் பாடப்புத்தகம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியன்குடி வழியாக நடந்தும் ஏறலாம், இரண்டு மாநில அதிகாரிகளும் நிற்பார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும் இடத்தை மந்திரக் காட்சியாக மட்டும் படித்துப் பாருங்கள். அவள் சும்மா கையை நீட்டி நெருப்பை வரவழைக்கவில்லை, தன் உடம்பையே கிழித்து எறிகிறாள். சக்திக்கு விலை உண்டு. தீக்கடவுள் வந்து யாரை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கிறான். முதியவர்கள், குழந்தைகள் என்று ஒரு பட்டியல் சொல்லி, அவர்களை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்கிறாள். சக்திக்கு எல்லையும் உண்டு. எரித்து முடித்த பிறகு அவள் ஜெயித்தவளாகவும் இல்லை, கணவனோடு கிழக்கு வாசலில் நுழைந்த ஊரைத் தனியாக மேற்கு வாசல் வழியே விட்டுப் போகிறாள். விலை, எல்லை, விளைவு என்ற இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாத மந்திரம் வெறும் பட்டாசு.

வரைபடம் வரைவதில் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வரையட்டும், தப்பில்லை. ஆனால் ஏழு ராஜ்ஜியம் இருக்கும், ஒன்றிலும் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தண்ணீர் யாருடையது என்ற கேள்வியே இருக்காது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை இதை எழுதுவதுதான் எனக்கு வேடிக்கை. மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்த நிலத்துக்கும் தண்ணீருக்கும் 1886-ல் திருவிதாங்கூர் மன்னரும் பிரிட்டிஷ் அரசும் போட்ட குத்தகை 999 வருஷம். அணை முடிந்தது 1895-ல். அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. மழைக்காலத்தில் அணை நீர்மட்டம் 142 அடி என்ற ஒரே எண்ணை இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். இங்கே ஏறணுமே என்று, அங்கே ஏறிவிடக் கூடாதே என்று. கட்டிய பென்னிகுயிக் படம் இந்தப் பக்கம் வீடுகளில் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். இதை அப்படியே எழுதி ஊர் பேரை மாற்றினால் ஃபேன்டஸி வாசகர் நம்ப மறுப்பார், அவ்வளவு வினோதம். 999 வருஷ ஒப்பந்தம் முடிகிற அன்று கதை தொடங்கினால் எப்படி இருக்கும்? யாராவது எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. கதாநாயகன் யார் என்றால் ராஜ ரத்தம், தோளில் மச்சம், நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்த ஜோசியம். வெளிநாட்டுக் கதைகளில் இது பழகிப்போன வாய்ப்பாடு. ஆனால் பிறப்பிலேயே ஒருவனுக்குச் சக்தி, மற்றவனுக்கு இல்லை என்ற ஏற்பாடு நம் ஊர்ப் பிள்ளைக்குக் கற்பனையே இல்லை. தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்ததுதான். யோசிக்காமல் அதை மாயமாக்கிக் கொடுத்தால், ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளை அந்தப் புத்தகத்திலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஜோசியம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது பொய்த்துப்போகிற கதையாக வையுங்கள்.

ஏனென்றால் பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்கள் இந்தக் கதைகளில் விழுவது டிராகனுக்காக இல்லை. போன் எடுக்க அனுமதி, டியூஷன் நேரம், யாரோடு பேசலாம், பதினொன்றில் எந்த குரூப் என்று எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்கிற வயது அது. கதைக்குள் மட்டும் அந்த வயதுக்காரரின் முடிவால் ஒரு ஊர் பிழைக்கிறது, அல்லது அழிகிறது. கடைசி அத்தியாயத்தில் தாடி வைத்த பெரியவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்தால், வாசகரிடமிருந்து அந்த ஒன்றையும் பிடுங்கியதாகிவிடும். பெற்றோரை முதல் பக்கத்திலேயே கொன்றுவிடுவதும் சோம்பேறித்தனம். விடியும் முன்பே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பின் வரும் அம்மா உயிரோடு இருக்கட்டுமே. பகல் முழுக்கப் பிள்ளை தனியாகத்தானே இருக்கிறது, சாகசத்துக்கு அது போதாதா? அந்த அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதே பாதிக் கதைக்குத் தாங்கும்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. பத்துப் பக்கத்துக்கு ராஜ பரம்பரை வரலாறு எழுதாதீர்கள், முதல் பக்கத்தில் யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும். ஏழு ராஜ்ஜியத்திலும் எல்லோரும் ஒரே தமிழ் பேசக் கூடாது. குமுளி பஜாரில் ஆளைப் பார்த்ததுமே கடைக்காரர் எந்த மொழியில் விலை சொல்கிறார் என்று ஒரு அரைமணி நேரம் நின்று கவனியுங்கள். உச்சரிக்க முடியாத பெயர்களை விடுங்கள். ஏழு பாகம் திட்டம் போட்டு, முதல் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் நோட்டை மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஒரே ராஜ்ஜியம், ஒரே விதி, அதை மீறும் ஒரே ஆள் என்று வைத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் முதலில் முடித்துக் காட்டுங்கள். இரண்டாம் பாகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.