வைஃபை இணைந்ததா? ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஎஸ்பி32, இஎஸ்பி8266 என்ற வைஃபை வசதியுள்ள சிறு போர்டுகளை ஆர்டுயினோவில் புரோகிராம் செய்யும்போது, வைஃபை இணைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வரி போதும். வைஃபையின் ஸ்டேட்டஸ் ஃபங்ஷன் தருவதை டபிள்யூஎல்_கனெக்டட் (WL_CONNECTED) என்ற மாறிலியோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

அந்த ஃபங்ஷன் தருவது சொல் அல்ல, enum வகை எண், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்த எண். 1 வந்தால் தேடிய நெட்வொர்க் கிடைக்கவில்லை, 3 வந்தால் இணைந்துவிட்டது. இதை மறந்து மாறிலியின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதினால், அது பாயின்டராக (நினைவக முகவரியாக) எடுத்துக்கொள்ளப்படும்; பாயின்டரையும் இன்டிஜரையும் (முழு எண்ணையும்) ஒப்பிடக்கூடாது என்று, கோடை போர்டுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தடுக்கும். மேற்கோள் குறியை எடுத்தால் சரியாகிவிடும். சிலர் அதைச் செய்யாமல் எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றிப் பிழையை வாயடைக்கிறார்கள். அப்புறம் “3” என்ற எழுத்தும் அந்தப் பெயரும் எந்நாளும் பொருந்தாது. நெட் இருந்தும் போர்டு காத்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, கம்பைலர் பிழை காட்டாமல் விட்டுவிடும் தவறுகள்தான். ஸ்டேட்டஸை ட்ரூ (true) என்பதோடு ஒப்பிடுவது அதில் மோசமானது. ட்ரூவின் மதிப்பு 1. அதாவது நெட்வொர்க் கிடைக்காதபோது “இணைந்துவிட்டது” என்றும், உண்மையில் இணைந்தபோது “இல்லை” என்றும் முடிவு வரும். எதனோடும் ஒப்பிடாமல் ஸ்டேட்டஸை மட்டும் இஃப் உள்ளே போட்டாலும் ஆபத்துதான். 0 தவிர எது வந்தாலும், இணைப்பு அறுந்ததற்கான எண் வந்தாலும், நிபந்தனை உண்மையாகிவிடும்.

ஸ்டேட்டஸை ஒரு இன்ட் (முழு எண்) மாறியில் வாங்கி வைத்து ஒப்பிடும்போது == க்குப் பதில் ஒற்றை = போட்டால், மாறிக்குள் 3 போய் உட்கார்ந்து நிபந்தனை எப்போதும் உண்மையாகும். வார்னிங்குகளை முழுவதும் ஆன் செய்தால் கம்பைலர் இதைச் சுட்டிக்காட்டும். ஆன் செய்தே வையுங்கள்.

மாறிலிக்குப் பதிலாக எண்ணை நேரடியாக எழுதுவதும் வேண்டாம். இஎஸ்பி32இல் 6 என்றால் இணைப்பில் இல்லை. இஎஸ்பி8266இல் அதே 6 தவறான பாஸ்வேர்டைக் குறிக்கும், இணைப்பில் இல்லை என்பதற்கு அங்கே 7. மாறிலியின் பெயரை எழுதியிருந்தால், போர்டை மாற்றினாலும் அந்த வரியைத் தொட வேண்டியதில்லை.

எது வருகிறது என்று சந்தேகம் வந்தால், ஒப்பிடும் வரிக்கு முன்னால் அந்த எண்ணை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் விண்டோவில்) பிரின்ட் செய்து பாருங்கள்.