ஸ்கீக்குப் போகமுதல் உன்ஃபால் என்ற விபத்துக் காப்புறுதியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். சோதனை முடிந்த அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு ஓடியவர்கள் நாங்கள். விழுந்து கை முறிந்தாலும் பெரியாஸ்பத்திரியில் காசு கேட்காமல் பத்துப் போட்டு அனுப்புவார்கள். அதே நினைப்போடு சுவிஸுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இங்கே குளிர்காலச் சோதனை முடியும்போது மலையெல்லாம் பனி. கூடப் படிப்பவர்கள் பனியில் சறுக்க, ஸ்கீக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், ஆசைதீரப் போங்கள்.

ஸ்கீ, சப்பாத்து எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். கடையில் நிறையையும் உயரத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டு எவ்வளவு விசையில் கழர வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சரிசெய்வார்கள். முதல் நாள் ஒரு ஆசிரியரோடு பழகுங்கள். நீலக் குறி போட்ட இலகுவான பாதை போதும். அம்புலன்ஸுக்கு 144, ஹெலிகொப்டருக்கு வான் மீட்புச் சேவையான ரேகாவின் 1414.

இனி எங்களைச் சுட்ட விஷயம். அக்காவின் மகன் வந்து மூன்று மாதத்துக்குள் கிராங்கன்காசை என்ற மருத்துவக் காப்புறுதியை எடுத்துவிட்டான். படிப்போடு கிழமைக்குப் பத்து மணித்தியாலம் ஒரு கடையில் வேலை. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், ஓய்வு நேரத்து விபத்துக்கும் முதலாளியின் காப்புறுதியே பொறுப்பு. அதனால் கிராங்கன்காசையில் உன்ஃபாலை நீக்கிவிட்டு, பிரான்ஷீஸையும் (பில்லில் முதலில் நாமே கட்டும் தொகை) 2500 பிராங்குக்கு ஏற்றி, மாதக் காசைக் குறைத்திருந்தான். அதுவரை சரி.

சோதனைக்குப் படிக்க என்று நவம்பர் கடைசியில் வேலையை விட்டான். சம்பளம் நின்று 31 நாளில் முதலாளியின் காப்புறுதியும் முடிந்துவிடும். வேலையை விடுபவருக்கு முதலாளி இதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவனுக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பெப்ரவரிச் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. வெயிலில் பனி இளகியிருந்தது. ஸ்கீ கழரவில்லை, முழங்கால் திருகிவிட்டது. சறுக்குவண்டியில் கட்டிப் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அங்கிருந்து போன் எடுத்து, "மாமா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றான். நோகுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிராங்கன்காசை கைவிடவில்லை. மற்றக் காப்புறுதி நின்றவுடன் விபத்தும் சட்டப்படி அதற்குள் வந்துவிடும்; விட்ட மாதங்களின் காசை வட்டியோடு கேட்கலாம். ஆனால் முதல் 2500 பிராங் அவன் தலையில். அதற்கு மேல் பத்து வீதம், ஆண்டுக்கு 700 வரை. அம்புலன்ஸுக்குப் பாதிதான், அதுவும் ஆண்டுக்கு 500 பிராங்குக்கு மேல் தரமாட்டார்கள். உயிராபத்தில் மீட்டாலும் பாதிதான், 5000 வரை. முதலாளியின் காப்புறுதி இருந்திருந்தால் பிரான்ஷீஸும் இல்லை, பத்து வீதமும் இல்லை.

ஆகவே வேலையை விடும் நாளிலோ, 8 மணித்தியாலத்துக்குக் கீழே குறைக்கும் நாளிலோ கிராங்கன்காசைக்கு போன் பண்ணி உன்ஃபாலைத் திரும்பச் சேருங்கள். இல்லையென்றால் அந்த 31 நாளுக்குள் முதலாளியின் காப்புறுதியிடமே காசு கட்டி ஆறு மாதம் வரை நீட்டலாம். ஜெர்மனில் "அப்ரேடெ" என்று கேளுங்கள், விளங்கும். படிக்கும் பிள்ளைக்கு அதுதான் நல்லது.

பில்லும் சோதனை முடிவும் ஒரே கிழமையில் வந்தன. பிள்ளை பாஸ். அக்கா நல்லூரில் அர்ச்சனை செய்துவிட்டு வீடியோவில் வந்தார். இவன் காலைக் கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினான்.