மீண்டு வந்தவருக்கு விருந்து வைக்காதீர்கள்

மாதக்கணக்கில் சிறைப்பட்டுப் பட்டினி கிடந்தவர் விடுதலையாகி வந்து நின்றால், நம் கை முதலில் சோற்றுப் பானைக்குத்தான் போகும். போகக் கூடாது.

1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படையினர் இந்தத் தவறைத்தான் செய்தார்கள். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்குத் தங்கள் ராணுவ ரேஷனையே, டப்பாவில் அடைத்த கொழுப்பு இறைச்சியை, அள்ளிக் கொடுத்தார்கள். தின்ற பலருக்கு அதுவே எமனானது. விடுதலைக்குப் பிறகும் அங்கே 13,000 பேர் போல மடிந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலும் பட்டினியும் கொன்ற கணக்கு அது என்றாலும், அந்த இறைச்சிக்கும் அதில் பங்குண்டு.

பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே காலம் தள்ளுகிறது. திடீரென்று மாவுச்சத்து வந்து சேர்ந்தால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாப்பிட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் இது நேரலாம். ஆகவே முதல் நாள் எழுந்து உட்கார்ந்து பேசினாரே என்று நிம்மதியடைய வேண்டாம். ‘தெம்புக்கு ஒரு குளுக்கோஸ்’ ஏற்றுவதும் இதே தவறுதான். முதலில் தயாமின், அதாவது வைட்டமின் பி1. பிறகு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரிக்கு மிகாமல் தொடங்கி, ரத்தத்தைச் சோதித்தபடியே மெல்ல ஏற்ற வேண்டும். 40 கிலோ உள்ளவருக்கு 400 கலோரி. நாள் முழுவதற்கும் ஏழெட்டு இட்லிதான். பெற்ற தாய்க்கு இது கொடுமையாகத் தெரியும்.

பெல்சனில் அடுத்து வந்தது, 1943 வங்கப் பஞ்சத்துக்காக உருவான பால்பொடிச் சர்க்கரைக் கலவை. திகட்டும் அந்த இனிப்பைப் பலரால் விழுங்க முடியவில்லை. சரி, நரம்பு வழியே ஏற்றலாம் என்று ஊசியை எடுத்தால் அலறினார்கள். நாஜி முகாம்களில் ஊசி போட்டே ஆட்களைக் கொன்றிருந்தார்கள். எனவே, கேட்காமல் தொடாதீர்கள். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துங்கள்.

ஒருமுறை பார்த்து அனுப்பிவிடுவது இன்னொரு தவறு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட, மலாயாத் தோட்டத் தமிழர்களும் மாண்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் சிலரின் குடலில், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தது. பழைய கதையைக் கேட்காத மருத்துவர் மூச்சிரைப்புக்கென்று ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால், அடங்கிக் கிடந்த புழு பெருகி உடலெங்கும் பரவும்.