பாரிமுனையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது: ஸ்கேல் மாடல் பெயிண்ட், டீகால் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

ஸ்கேல் மாடல், அதாவது நிஜ விமானம், டேங்க் போன்றவற்றின் சிறிய பிளாஸ்டிக் உருவத்தை உதிரி பாகங்களை (கிட்) ஒட்டிக் கட்டுகிறவர்களுக்கு வடசென்னை ஒரு வசதி, அதே நேரம் ஒரு பொறியும்கூட. ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ பாரிமுனைக்குப் போய் இறங்கினால் தின்னர், உப்புத்தாள், இடுக்கை அடைக்கும் பட்டி, மாஸ்கிங் டேப் எல்லாம் நாலு தெருவுக்குள் கிடைத்துவிடும். அந்த ஜோரில் மாடலுக்கென்றே தயாராகும் பெயிண்ட், டீகால் (குறிகளும் எண்களும் அச்சடித்த, மாடல் மேல் ஒட்டும் மெல்லிய படலம்) போன்ற சாமான்களையும் பெயிண்ட் கடையிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். கிட் பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

நிறத்தைப் பார்த்து வாங்குவது

முதல் தவறு இதுதான். டப்பா மூடியில் இருக்கும் நிறம் பிடித்திருக்கிறது என்று வாங்குகிறோம். அது எதில் கரையும் என்று கேட்பதில்லை. கிட் பெட்டிக்குள் இருப்பது பாலிஸ்டைரின். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரிலும் பெட்ரோலிலும் அது உருகும். கார் பட்டறைக்கான ஸ்ப்ரே கேன்களிலும் காட்டமான கரைப்பான்தான் இருக்கும். நெருங்கிப் பிடித்து ஈரமாக அடித்தால் இறக்கையில் சிலந்திவலை போல வெடிப்பு விழும், பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளங்கள்) மழுங்கிப் போகும். எந்தப் புது டப்பாவையும் முதலில் உதிரிகள் ஒட்டியிருக்கும் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், அடித்து ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். நகத்தால் கீறினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உரிகிறதென்றால் அந்த டப்பா கேட்டுக்கும் கிரில்லுக்கும்தான் ஆகும்.

மாடல் பெயிண்டுகளிலும் குழப்பம் உண்டு. தமியா கம்பெனி பெயிண்டில் எக்ஸ்எஃப்-1 என்ற எண்ணில் அக்ரிலிக்கும் இருக்கிறது, எனாமலும் இருக்கிறது. இரண்டுமே மேட், அதாவது பளபளப்பில்லாத, கருப்பு. எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. தின்னரிலும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்: எக்ஸ்-20 எனாமலுக்கு, எக்ஸ்-20ஏ அக்ரிலிக்குக்கு. இதை மாற்றி வாங்கி, பெயிண்ட் திரிதிரியாகக் கட்டிக்கொண்டது என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

தமியா அக்ரிலிக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைக்கலாம். கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்பார்கள்; நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஏர்பிரஷுக்கு (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தின்னர் கலந்து, பால் பதம் வந்ததா என்று பார்த்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஆரம்பிக்கலாம். ஆனால் வலேஹோ என்ற இன்னொரு கம்பெனியின் பெயிண்டில் அதே ஐ.பி.ஏ.வை ஊற்றினால் தயிராகத் திரிந்துவிடும். அதற்குத் தண்ணீர் அல்லது அந்தக் கம்பெனியின் தின்னர்தான். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று கை வைக்காதீர்கள். பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும், பெயிண்ட் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டேஷனரி கடை கிராஃப்ட் அக்ரிலிக்கை வேண்டவே வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. டேங்க் மேல் மண், சேறு, டயோரமா (மாடலை வைக்கும் காட்சி அமைப்பு) தரை எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். வெறும் பிளாஸ்டிக் மேல்தான் பிடிக்காது. பிரைமர் இல்லாமல் அடித்தால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது வாழைப்பழத் தோல் மாதிரி கூடவே வந்துவிடும். வீட்டு எனாமல் சங்கதி வேறு. காய நாளாகும், கெட்டியாகப் படிந்து நுணுக்கமான ரிவெட்டுகளை மூடிவிடும். சிறிய டப்பாவிலேயே தேவைக்கு மேல் இருக்கும். 1/72 அளவுப் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு நீளம்) போர் விமானம் ஒன்றுக்கு மாடல் பெயிண்ட் 10 மில்லி புட்டி ஒன்றே தாராளம். மலிவு என்பது அங்கே வெறும் கண்கட்டு.

"அந்த கிரே கொடுங்க"

கடையில் ஃபோட்டோவைக் காட்டி நிறம் கேட்பது வீண் வேலை. ஃபோன் திரை ஒரு நிறம் காட்டும், கடை டியூப்லைட் இன்னொன்று காட்டும். எண்ணைக் கொண்டு போங்கள். அமெரிக்க விமானமானால் எஃப்.எஸ். எண், ஜெர்மன் வண்டியானால் ஆர்.ஏ.எல். எண்; இரண்டும் அந்தந்த நாட்டு நிறத் தர எண்கள். எஃப்.எஸ். எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கும்: 1 என்றால் கிளாஸ் (பளபளப்பு), 2 என்றால் செமி கிளாஸ், 3 என்றால் மேட். 36375 என்பது மேட் லைட் கோஸ்ட் கிரே; 16375 என்றால் அதே நிறம், கிளாஸில். நம் ஊர்ப் பெயிண்ட் கடைக்காரருக்கு இந்த எண்கள் பழக்கமிருக்காது. அவருக்குத் தெரிந்தது ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தர நிற அட்டை. இந்தியக் கப்பல், ராணுவ வண்டி போன்றவற்றுக்கு அந்த அட்டையே ஒப்பிட உதவும். அதில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மாடல் பெயிண்டில் கலந்து அந்த நிறத்துக்கு வந்துவிடலாம்.

டீகால்: ஸ்டிக்கர் கடை வேலை இல்லை

இந்திய விமானப்படைக் கிட்களில் பெட்டியோடு வரும் டீகால் பழசாக மஞ்சளித்திருக்கும், அல்லது வேண்டிய ஸ்குவாட்ரன் குறி இருக்காது. உடனே நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடையை நினைக்கிறோம். அந்த வினைல் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர் கனம். 1/72 அளவில் கணக்குப் போட்டால் நிஜ விமானத்தின் மேல் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் தகடு ஒட்டிய மாதிரி. வளைவில் படியாது, பேனல் கோட்டுக்குள் இறங்காது. வேண்டியது தண்ணீரில் ஊறி நழுவும் வாட்டர்ஸ்லைடு டீகால்.

வெற்று டீகால் பேப்பர் வாங்கி நாமே அச்சடிக்கலாம். ஆனால் இன்க்ஜெட் பேப்பர் வேறு, லேசர் பேப்பர் வேறு. இன்க்ஜெட் பேப்பரை ஆண்டர்சன் தெருப் பக்கம் ஏதாவது டிஜிட்டல் பிரிண்ட் கடையில் லேசர் மெஷினில் கொடுத்தால், மெஷினின் சூட்டில் படலம் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். கடைக்காரர் ஒரு தடவை பட்டிருந்தால் பேப்பரைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அது நியாயம்தான்.

அடுத்து வெள்ளை. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. இதைப் பின்னணி நிறமில்லாத கிளியர் பேப்பரில் அச்சடித்துச் சாம்பல் இறக்கையில் ஒட்டினால் வெள்ளை வளையம் சாம்பலாகவே இருக்கும், காவி செங்கல் நிறத்துக்கு மங்கும். வெள்ளைப் பின்னணி பேப்பரில் அச்சடித்து விளிம்பு தெரியாமல் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் முதலில் வெள்ளை வட்டம் பெயிண்ட் செய்துவிடுங்கள். இன்க்ஜெட்டில் அச்சடித்ததை நன்றாகக் காயவிட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே மூன்று மெல்லிய கோட் அடித்த பிறகே தண்ணீரில் போட வேண்டும். அவசரப்பட்டால் மை தண்ணீரோடு போய்விடும்.

தண்ணீர் என்றதும் நம் பக்கத்துக்கே உரிய ஒரு தலைவலி. கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் டீகாலை ஊறவைத்தால், காய்ந்தபின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூத்து நிற்கும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் அந்தக் கறை உள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஆர்.ஓ. தண்ணீர் போதும், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஒட்டுமுன் அந்த இடத்தில் கிளாஸ் கோட் இருக்க வேண்டும். மேட் பரப்பில் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். டீகாலை இளக்கும் மைக்ரோ சோல், மிஸ்டர் மார்க் சாஃப்டர் இரண்டுக்கும் உள்ளூர் மாற்று தேடாதீர்கள். ஒரு புட்டி பல மாடலுக்கு வரும்.

பசை, டேப்

பி.வி.சி. பைப் கம் பாலிஸ்டைரினைக் கூழாக்கும். அக்ரிலிக் ஷீட் கடைகளில் ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் ஒட்டும்தான், ஆனால் மூடிய அறையில் அதை முகர்ந்துகொண்டு மாடல் கட்டுவது ஈரலுக்கு ஆகாது. ஃபெவிக்விக் உலோக, ரெசின் பாகங்களுக்குச் சரி. காக்பிட் கண்ணாடி அருகில் வைத்தால் புகை படிந்தது போல வெளுத்துவிடும். பிளாஸ்டிக்குக்குத் தமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், 40 மில்லி புட்டி. பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷைத் தொட்டால் தானே ஓடிப் பரவும். கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால்.

வாட்டர் பேப்பர் 400, 800, 1500, 2000 எண்களில் ஹார்டுவேர் கடையிலேயே வாங்குங்கள். இதற்கு இறக்குமதி தேவையே இல்லை. மாஸ்கிங் டேப் மட்டும் நேரெதிர். பெயிண்டர்கள் சுவருக்கு ஒட்டும் சுருக்க டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் கசியும். பெரிய இடத்தை மூட அது போதும், விளிம்புக்கு மாடல் டேப்தான்.

எப்போது, எப்படி

ஐப்பசி, கார்த்திகை மழையில் லேக்கர் (காட்டமான, வேகமாகக் காயும் தின்னரில் கரையும் பெயிண்ட்) அடிப்பதைத் தள்ளிப் போடுங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயிண்ட் வெளுக்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போதும் இந்த வகை வித்தியாசம் முக்கியம்: எனாமல், லேக்கர் இரண்டும் எரியும் பொருள் என்பதால் விமானத் தபாலில் மறுக்கப்படும். தண்ணீர் அடிப்படையிலான பெயிண்டை அனுப்புவது எளிது.

தின்னரை லூசில், தண்ணீர் பாட்டிலில் வாங்கி வராதீர்கள். வீட்டில் யாராவது குடிக்கப் போகும் ஆபத்து நிஜமானது. சீல் வைத்த டப்பாவாகவே வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு மண்ணடியில் மெட்ரோ ஏற முடியாது, மின்சார ரயிலிலும் கூடாது. பைக்கிலோ ஆட்டோவிலோ போகிற நாளில் தின்னர் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அது ஞாயிறாக இருக்க வேண்டாம், பாரிமுனையில் பாதிக் கடை ஷட்டர் இறங்கியிருக்கும்.