பைக்கில் புது ஃபியூயல் மேப் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

பவர் கமாண்டர் 5 போன்ற, பெட்ரோல் அளவை மாற்றும் மாட்யூலை மாட்டியதும் பலர் செய்யும் முதல் வேலை, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் மேப் கோப்பை வாங்கி அப்படியே ஏற்றுவது. அவர் வண்டி நன்றாக ஓடுகிறதே, நம் வண்டியும் ஓடாதா என்ற நம்பிக்கை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மேப் என்பது இன்ஜின் வேகத்துக்கும் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) அளவுக்கும் ஏற்ப எண்கள் நிரப்பிய கட்டங்கள். அதில் இருப்பது எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு அல்ல. மாட்யூல், ஈசியூவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஈசியூ சொல்லும் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். கட்டத்தில் 8 என்றால் ஈசியூ தருவதைவிட 8% அதிகம். மைனஸ் 3 என்றால் 3% குறைவு. 0 என்றால் கை வைக்காதே என்று பொருள். ஆக, அடிப்படை ஈசியூவில் இருக்கிறது. அது மாறினால் மேப் முழுவதும் தப்பாகிவிடும். இரண்டு ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650களில் ஒன்றுக்குக் கம்பெனி சைலன்சர், இன்னொன்றுக்குப் புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் வேறு ஏர் ஃபில்டரும் என்றால் அவை இரண்டு வேறு இன்ஜின்கள் மாதிரிதான். ஈசியூவை ஏற்கெனவே ரீஃப்ளாஷ் செய்திருந்தால், அதாவது அதன் மென்பொருளையே மாற்றியிருந்தால், இன்னும் சிக்கல். அதுவும் பெட்ரோலைக் கூட்டும், மேப்பும் கூட்டும். பிளக் கரியாகும், மைலேஜ் சரியும்.

அதற்கு நேர்மாறான லீன் நிலைதான், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாத நிலைதான், எனக்கு அதிகக் கவலை. பெட்ரோல் குறைந்தால் த்ராட்டிலைத் திறக்கும்போது வண்டி தயங்கும், இன்ஜின் சூடு ஏறும். ஹைவேயில் முழு முறுக்கில் நீண்ட நேரம் லீனாக ஓடினால் பிஸ்டனும் வால்வும் அடிவாங்கும்.

இங்கே எத்தனாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடைக் கணக்கில், சுத்த பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20% எத்தனால் கலந்த நம்மூர் பெட்ரோலுக்குச் சுமார் 13.5, அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அமெரிக்காவில் பரவலாகக் கிடைப்பது 10% கலவை. அங்கே தயாரான மேப்பை இங்கே ஏற்றினால், நிதான ஓட்டத்தில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ சரிக்கட்டிவிடும். முழு முறுக்கில் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

ஆக்சிஜன் சென்சார் என்றதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. சில மேப்களில் குறைந்த த்ராட்டில் பகுதி முழுக்க 0 ஆக இருக்கும். காலியாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதில் எண்களை நிரப்புகிறார்கள். அங்கே சென்சார் சொல்படி ஈசியூவே திருத்திக்கொண்டிருக்கும். நீங்கள் 5 கூட்டினால் அது 5 குறைக்கும். அந்த 0க்களை விட்டுவிடுங்கள்.

ஏற்றும் முன், மாட்யூலில் இப்போது இருக்கும் மேப்பை லேப்டாப்புக்கு எடுத்துச் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, சைலன்சர், ஃபில்டர் எல்லாம் இருக்கட்டும். பழையதை அழித்துவிட்டுத் தவிக்கும் நிலை வரக்கூடாது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும், ஏறி முடியும்வரை யூஎஸ்பி வயரை அசைக்காதீர்கள்.

அப்புறம் த்ராட்டில். அதை முழுக்க விட்டுவிடும்போது லேப்டாப் திரையில் 0, முழுக்க முறுக்கும்போது 100 காட்ட வேண்டும். 3இல் தொடங்கி 94இல் நின்றால் மாட்யூல் தப்பான கட்டத்தைத்தான் படிக்கும். மேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. முதலில் அளவீட்டைச் சரிசெய்யுங்கள்.

ஏற்றிய உடனே ஹைவேக்குக் கிளம்ப வேண்டாம். இன்ஜின் சூடானதும் ஊருக்குள்ளேயே அரை முறுக்கில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். தயக்கமோ, த்ராட்டிலை விடும்போது முன்பு இல்லாத வெடிச் சத்தமோ, பெட்ரோல் வாடையோ வந்தால், சேமித்த பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டு, காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளக்கும் டைனோவுக்கு (வண்டியை உருளையில் ஓடவிட்டுச் சோதிக்கும் இடம்) வண்டியைக் கொண்டுபோங்கள்.