சைகோனில் ரோட்டைக் கடப்பதும் சந்தையில் பேரம் பேசுவதும்: முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு (சைகோனின் இன்றைய பெயர் அதுதான்) போகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். இந்த வண்டிகளுக்கு நடுவே ரோட்டை எப்படிக் கடப்பது? சந்தையில் ஏமாறாமல் எப்படி வாங்குவது? விசா, சிம் கார்டு, ஓட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பென்தான் சந்தையைச் சுற்றி அரை நாள் நடக்கத் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: கிராப் செயலி

ஓலா, ஊபர் போல கார், பைக் வாடகைக்கு அழைக்கும் செயலி இது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இறக்கி, உங்கள் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். ஓடிபி வரும்போது நம்ம ஊர் சிம் கையில் இருக்க வேண்டும். கட்டணம் முன்னாலேயே தெரிந்துவிடும், ரொக்கமாகவும் கொடுக்கலாம். அதனால் தெருவில் கைகாட்டி டாக்ஸி பிடிப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பைக்கில் ஏறினால் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஓட்டுநரே தருவார்.

படி 2: நோட்டுகளைப் பிரித்து வையுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. அங்கே பணம் டோங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங். எல்லா நோட்டிலும் அந்நாட்டுத் தலைவராக இருந்த ஹோ சி மின்னின் படம்தான், எல்லாவற்றிலும் வரிசையாகப் பூஜ்யங்கள். 20,000 டோங் நோட்டும் நீலம், 500,000 டோங் நோட்டும் நீலம். முன்னது எழுபது ரூபாய்க்குள், பின்னது ஆயிரத்து அறுநூறுக்கும் மேல். மங்கலான வெளிச்சத்தில் இளநீர்க்காரரிடம் எதை நீட்டுகிறோம் என்றே தெரியாது.

பூஜ்யங்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், நோட்டைத் திருப்பிப் பாருங்கள். கூரை போட்ட பாலம் இருந்தால் 20,000 (ஹோய் ஆன் ஊரின் பழைய பாலம் அது). ஓலை வேய்ந்த வீடு இருந்தால் 500,000. பெரிய நோட்டு நீளத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம். இரண்டு அறை உள்ள பர்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். இடுப்பில் கட்டும் பணப்பையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சந்தை நடுவில் சட்டையைத் தூக்கிப் பணம் எடுத்தால், எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைக்காரர் விலை சொல்லும்போது கடைசி மூன்று பூஜ்யங்களை விட்டுவிடுவார். 'ஐம்பது' என்றால் ஐம்பதாயிரம்.

படி 3: ரோட்டைக் கடப்பது

அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். அதனால் முதலில் இடது பக்கம் பாருங்கள். அப்புறம் வலது பக்கமும் பாருங்கள், ஓரமாக எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் உண்டு.

இடைவெளிக்காகக் காத்திருந்தால் அது வரவே வராது. பஸ், லாரி, கார் வராத நேரமாகப் பார்த்து இறங்கி, ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள். பைக் ஓட்டுபவர் உங்கள் நடையைப் பார்த்து, அடுத்த நொடி எங்கே இருப்பீர்கள் என்று கணித்து வளைகிறார். நீங்கள் திடீரென்று ஓடினாலோ பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி ஓடுவதுதான் அங்கே மிகவும் ஆபத்து. ஆனால் பஸ்ஸும் காரும் அப்படி வளையாது, அவற்றுக்கு நாம்தான் வழிவிட வேண்டும்.

குடும்பமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டாதீர்கள். ரோட்டுக்குக் குறுக்கே நீண்ட சங்கிலி ஆகிவிடும், வண்டிகள் எங்கே விலகும்? எதிர்ப்பக்க நடைபாதையைப் பார்த்தபடி தோளோடு தோள் சேர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அடி வையுங்கள். வண்டி வரும் பக்கம் பெரியவர்கள், மறுபக்கம் குழந்தைகள்.

2025 ஜனவரியிலிருந்து சிக்னலை மீறினாலும் நடைபாதையில் ஓட்டினாலும் பைக்குக்கு 40 முதல் 60 லட்சம் டோங் வரை அபராதம். அதனால் சிக்னல் உள்ள சந்திப்பு பக்கத்தில் இருந்தால் நூறு அடி சுற்றினாலும் அங்கேயே கடந்துவிடுங்கள்.

படி 4: பேரம்

பென்தான் சந்தை 1914 முதல் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே துணி, பை, கைவினைப் பொருட்களுக்குச் சொல்லும் விலை பேரத்துக்கான தொடக்கம்தான். பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். கால்குலேட்டரில் அவர் தட்டுவார், நீங்களும் தட்டுங்கள். படியவில்லை என்றால் சிரித்துவிட்டு மெதுவாக நகருங்கள்.

காலையில் கடை திறந்ததும் போய் நெடுநேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வராதீர்கள். முதல் போணி எப்படி அமைகிறதோ அன்றைய வியாபாரமும் அப்படித்தான் என்று நம்மைப் போலவே அவர்களும் நம்புகிறார்கள். அந்த மனிதரின் நாளை நாம் கெடுக்க வேண்டாம்.

காபித்தூள், முந்திரி வாங்க நான் கோ-ஓப்மார்ட் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போவேன். விலை ஒட்டியிருக்கும். சொட்டுச் சொட்டாக இறங்கும் அலுமினிய காபி ஃபில்டரையும் மறக்காதீர்கள், விலையும் குறைவு, எடையும் இல்லை.

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அவசியம் போய் வாருங்கள்.

பின்சேர்க்கை

வயதான அம்மா அப்பாவுடன் போகிறவர்கள், ரோட்டைக் கடக்காமல் சமாளிக்க வழி உண்டா என்று கேட்டிருந்தார்கள். கிராப் காரில் போனால், இறங்கும் இடத்தைக் கடை இருக்கும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள், கடக்கவே வேண்டாம். 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோவின் பென்தான் நிலையம் பூமிக்கடியில் இருக்கிறது. ஒரு வாசலில் இறங்கி வேறு வாசலில் ஏறினால், ரோட்டில் கால் வைக்காமலே மறுபக்கம் போய்விடலாம்.

இன்னொருவர் அலைபேசி பறிபோனதைச் சொன்னார். நடைபாதை விளிம்பில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள், பைக்கில் வந்தபடியே பறித்துப் போவார்கள். கடைக்குள் போய்ச் சுவரோரமாக நின்று பாருங்கள்.